விக்கற் கீப்பரிடம் போன பந்து

தலைக்கு மை பூசுவதா, நரையை அப்படியே விட்டுவிடுவதா என்று யோசிக்கிற வயதுக்கு நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். சென் ஜேம்ஸ் ரவுணின் உயரக் கட்டடங்களில் என்னோடு வளர்ந்தவர்களில் யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்கவேண்டும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் கார்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்ததே, நினைவிருக்கிறதா? மைதானம் என்று சொன்னது நாங்கள்தான். ஓடித் தொடவேண்டிய முதலாவது பேஸ் ஒரு விளக்குக் கம்பம். இரண்டாவது, யாரோ எறிந்துவிட்டுப் போன கால்மிதி. மூன்றாவது, ஓடாத பச்சை வான் வண்டி. அந்த வானின் சொந்தக்காரரை ஒருவரும் ஒருநாளும் கண்டதில்லை. இன்றைக்குத்தான் வந்து கத்தப்போகிறார் என்று நான் மட்டும் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு நின்றேன்.

உங்களில் சிலருக்கு என்னை ‘த்ரோபேக்’ என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. சொன்னாலும் ஆறுமோ தெரியவில்லை.

நாங்கள் வந்து இரண்டாவது கோடை அது. நகரம் முழுக்க நீலமாக இருந்தது. நீலச் சட்டை போட்ட இந்த நகரத்துப் பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றிருந்தது. பஸ் ஓட்டுகிறவர் நீலத் தொப்பி, பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சர் நீலத் தொப்பி, மிக்சரும் முறுக்கும் விற்கிற எங்கள் கடைக்காரர்கூட கண்ணாடியில் ஒரு நீலக் கொடி ஒட்டியிருந்தார். ஆங்கிலம் பிடிபடாத எனக்கு பேஸ்போல் மட்டும் பிடிபட்டது. ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து பார்ப்பேன். தோற்றுவிடுவார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். வென்றுகொண்டிருக்கும்போதும் அப்படித்தான்.

அப்பா கோப்பை கழுவுகிற வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்ப்பார். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு கிரிக்கெட் ஆடியவர். அவருக்கு இது பொறுக்காது.

“குத்தி எழும்பாத பந்தும் ஒரு பந்தோ? முழுக்க ஃபுல் ரோஸ். ஒருத்தனும் நோ போல் சொல்லுறானில்லை.”

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. நடுவர் கையை நீட்டிக் கத்துகிற ஒரு சொல் சமைத்துக்கொண்டு நிற்கிற குசினிவரைக்கும் கேட்கும். ஊரில் அது வேலைநிறுத்தம்.

“ஆர் பிள்ளை ஸ்ரைக்? என்னத்துக்காம் ஸ்ரைக்?”

“உது வேற அம்மா. பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ரைக் எண்டு சொல்லுறது.”

“அடிக்காமல் விட்டாலோ? அதுக்கேன் உப்பிடிக் கத்துறான்?”

எங்கள் மைதானத்தின் ராணி ஆறாம் மாடிக்காரி. மன்னாரில் இருந்து முந்தியே வந்த குடும்பம். அவள் இங்கேதான் பிறந்தாள். அவளிடம் உண்மையான தோல் கையுறை இருந்தது, அதனால் சட்டமும் அவளிடம்தான் இருந்தது. நான் முதல்நாள் மட்டையைப் பிடித்து, அப்பா காட்டித் தந்த மாதிரி நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்து நின்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நீங்களும்தான், மறக்கவில்லை.

“ஓ மை கோட், ஷீ இஸ் டிக்கிங் எ ஹோல்! கிணறு கிண்டுறியா? நீ வானுக்குப் பின்னால போ. பந்து வந்தா எடுத்து எறி, ஓக்கே?”

அதன்பிறகு அதுதான் என் வேலை. வானுக்குப் பின்னால் நிற்பது. வருகிற பந்தை எடுத்துத் திருப்பி எறிவது. வானுக்கு அடியில் எண்ணெய் கசிந்த கறுப்புச் சேற்றில் கையை விட்டுத் துழாவி, மயிர் உதிர்ந்த அந்த ரெனிஸ் பந்தை எடுப்பேன். என் பாவாடை விளிம்பெல்லாம் எண்ணெய்க் கறை. எறியும்போது மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. எறிவது எனக்கு நேராகப் போகும்.

அந்தக் கோடையில்தான் அப்பாவின் ரெஸ்ரோரன்ற் முதலாளி நீல அணியின் ஆட்டத்துக்கு மூன்று ரிக்கற் கொடுத்தார். வருடம் முழுக்கவும் அவருக்கென்று பிடித்துவைத்த சீற்றுகள், மைதானத்துக்குக் கிட்ட. அன்றைக்கு அவருக்குப் போக நேரமில்லை. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று அப்போதே கதை அடிபட்டதால் அவருக்கு மனமும் இல்லையாம்.

நான் ஓடிப்போய் ஆறாம் மாடிக்காரியிடம் சொன்னேன். முதல் தடவையாக அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கீழ் சீற்றா? அங்க பந்து வரும். பிடிச்சா நீயே வச்சிருக்கலாம். உண்மையான பந்து கொண்டு வந்தியெண்டா சம்மர் முடியுமட்டும் யூ கான் பாற். ஃபேர்ஸ்ற்!”

முதலாவது ஆளாக மட்டை பிடிப்பது! அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தேன். பந்து வராவிட்டால்? வந்து பல்லில் பட்டால்? ரிக்கற் தொலைந்தால்? என்னிடம் தோல் கையுறை இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். சூடான தட்டுகளை இறக்க அம்மா வைத்திருந்த அடுப்புக் கையுறை. பஞ்சு வைத்துத் தைத்தது, சிவப்புக் கோழிப் படம் போட்டது, பெருவிரலில் தீய்ந்த கறை. கேக்கும் மீன் பொரியலும் சேர்ந்து மணக்கும். சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு போனேன்.

போகும் முதல் அப்பா பெல்ற்றை இறுக்கிக்கொண்டு ஒரு பிரசங்கம் வைத்தார். எங்கள் அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. விசாரணைக்குத் திகதி வருமென்று காத்திருந்தோம். எந்தப் பிரச்சினையிலும் மாட்டுப்பட வேண்டாம், பொலிஸ் வாசலுக்கு வருகிற மாதிரி ஒன்றும் செய்யவேண்டாம் என்று லோயர் சொல்லியிருந்தார். அப்பா அதை வேதமாக எடுத்துக்கொண்டார். சிவப்பு விளக்கில் ஒரு வாகனமும் வராவிட்டாலும் பேசாமல் நிற்பார்.

“அது முதலாளியின்ர சீற். சுத்திவர இருக்கிற சனம் எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச சனமாம். சத்தம் போடக்கூடாது. ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது. ரீவிக் கமரா இருக்கும், விளங்கிச்சோ?”

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எழுதியும் பயனில்லை. இருட்டான சீமெந்து வழியால் போய்க்கொண்டே இருந்தோம். சிந்திய பியரும் வதங்கிய வெங்காயமும் கடுகும் மணக்கிற வழி. திடீரென்று ஒரு வாசல், அதற்கப்பால் பச்சை. கண் கூசுகிற பச்சை. கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு கட்டடத்தின் கூரை தானாக நகர்ந்து ஒதுங்கும் என்பதை நான் ரீவியில் பார்த்திருந்தும் நம்பவில்லை. பக்கத்து ரீவிக் கோபுரத்தின் நிழல் கம்பு மாதிரி நீண்டு புல்லுக்கு மேலே கிடந்தது. புல் என்று சொல்கிறேன். அப்பா கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இது புல்லில்லை இஞ்சாரும். கம்பளம். கம்பளத்தில விளையாடுறாங்கள்.”

அம்மா கட்லற் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இதைத் திறந்தால் மணக்குமே என்று திறக்காமல் இருந்தா. தேசிய கீதம் முடிந்து எல்லோரும் இருந்த பிறகும் அப்பா நின்றார். பின்னால் இருந்த பெரிய மனிசன் தோளில் தட்டி இருக்கச் சொல்லவேண்டி வந்தது.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தேன். எங்கே போகிறது, யாருடைய கையில் இருக்கிறது. பந்துகள் வரத்தான் செய்தன, எல்லாம் வேறு பக்கத்துக்கு. தூரத்தில் ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு துள்ளும்போது சட்டைக்குள் இருந்த கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாலாவது இன்னிங்ஸ். எங்கள் ஆள் ஒருவன் வீசி அடித்தான். பந்து முன்னால் போகாமல் பக்கவாட்டில் எழும்பி, வெளிச்சத்துக்குள் காணாமற்போய், திரும்பத் தெரிந்தபோது நேராக எங்களை நோக்கி வந்தது. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் எழும்பிவிட்டது. நான் கோழிப்படக் கையுறையை உயர்த்தினேன். உயர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சப் என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தால் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பந்து இருந்தது. நெஞ்சுக்கு முன்னால், விரல்கள் மேலே பார்க்க, கையைப் பின்னுக்கு இழுத்து, ஊரில் பிடித்த மாதிரிப் பிடித்திருந்தார். கையுறை இல்லை, ஒன்றுமில்லை. எங்கள் பகுதி முழுக்க எழும்பிக் கை தட்டியது. பின்னால் இருந்த பெரிய மனிசன் அப்பாவின் முதுகில் அறைந்து, பியரில் பாதியை அம்மாவின் தலையில் ஊற்றிவிட்டார். அப்பாவின் முகம் சிவந்துபோயிருந்தது. அவர் அப்படிச் சிரித்து இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை.

கையுறையை நீட்டினேன். “தாங்கோ அப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். பந்து வெளியே போனால் ஆட்டம் ஒரு நிமிடம் நிற்கும். அடித்தவன் நின்றான், பந்து போடுகிறவன் நின்றான், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள்.

“விளையாட்டு நிக்குது பிள்ளை. பந்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“இல்லை அப்பா, அது எங்களுக்கு! பிடிச்சா வச்சிருக்க—”

முடிக்க விடவில்லை. கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார் ஒரு எறி. தாழ்வான, நேரான எறி. முன்வரிசைத் தலைகளுக்கு மேலால் போய், கம்பளத்தில் ஒரே ஒரு குத்துக் குத்தி, அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருக்கும் ஆளின், அப்பாவின் கணக்கில் விக்கற் கீப்பரின், கைக்குள் போய் விழுந்தது. அந்த ஆள் எழும்பி, முகமூடியைத் தூக்கி, எங்கள் பக்கத்தைப் பார்த்தான். அப்பா அவனுக்குத் தலையை ஆட்டினார், கடமை முடிந்த மாதிரி.

ஊரில் என்றால் அந்த எறிக்கு மைதானமே கைதட்டியிருக்கும். இங்கே ஊளைதான். கீழே இருந்து மேலே வரைக்கும் பரவுகிற ஊளை. பெரிய மனிசன் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். கிடைத்த பந்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? அதுவும் ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது? அப்பாவுக்கு விளங்கவில்லை. மற்ற அணிக்குத்தான் கத்துகிறார்களாக்கும் என்று அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

நான் பந்தை விடவில்லை. கண்ணால் பிடித்துக்கொண்டே இருந்தேன். முகமூடிக்காரன் அதை ஓரத்தில் நின்ற ஒரு ஆளுக்குத் தட்டிவிட்டான். அந்த ஆள் சிரித்துக்கொண்டு, வேலிக்குக் கிட்ட நின்ற சீருடைக்காரரிடம் கொடுத்தார். சனத்துக்கு சீற் காட்டுகிற ஆள் அவர். நீலச் சட்டை, நெஞ்சில் பெயர் பொறித்த ஒரு வில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

அம்மா கண்டது நீலச் சட்டையையும் வில்லையையும்.

“இஞ்சருங்கோ. பொலிஸ் வருது.”

அப்பா என்ன ஏது என்று பார்க்கவில்லை. ஒரு கையில் என்னையும் மறுகையில் அம்மாவையும் பிடித்து இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்துப் படியால் ஏறினார். ஓடவில்லை. ஓடினால் குற்றவாளி மாதிரி இருக்குமாம். ஓடாமல், ஆனால் நடக்கவும் செய்யாமல், ஒரு விதமாகப் போனோம். பின்னால் சத்தம் கேட்டது.

“சேர்! சேர்!”

“அப்பா, பந்து! அவர் பந்து வச்சிருக்கிறார்! எனக்குத் தரத்தான் வாறார்!”

“வாயைப் பொத்திக்கொண்டு நட.”

“கையில இருக்கு அப்பா, திரும்பிப் பாருங்கோவன்!”

திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அவர் படியின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பந்தை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். சிவப்புத் தையல் தெரிகிற தூரம். பிறகு சீமெந்து வழியின் இருட்டு. அந்த இழுபறியில் கையுறை எங்கேயோ விழுந்துவிட்டது. கட்லற் பெட்டி சீற்றுக்குக் கீழே.

சப்வேயில் நான் விம்மி விம்மி அழுதேன். எதிரே இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று அப்பாவுக்கு அதுவும் பயம்.

“களவெடுத்த பந்தில விளையாடி என்ன பிரயோசனம்?”

“அது களவில்லை. எல்லாரும் வச்சிருக்கினம்.”

“எங்கட இல்லாதது எல்லாம் களவுதான்.”

அம்மா இரண்டு நாள் கையுறைக்குப் புலம்பினா. எனக்கு அடி விழாததற்குக் காரணம், அப்பா தன் யோசனைக்குள் இருந்ததுதான். கமராவுக்குப் பயந்த மனிசன், ஆட்டம் நடந்த அன்று பின்னேரமே ரீவியில் வந்துவிட்டார். விளையாட்டுச் செய்தியில், சிரிப்பாக, திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிடிக்கிறார், எறிகிறார், தலையாட்டுகிறார். பக்கத்தில் சிவப்புக் கோழியை நீட்டிக்கொண்டு நான்.

மற்றநாள் பின்பக்கம் போனபோது நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்றீர்கள்.

“யோ, த்ரோபேக்! வெயர் இஸ் யோர் சிக்கின்?” திருப்பி எறிந்த ஆளின் பெயர் எனக்கு வந்துவிட்டது.

அந்த ஆள் பந்து கொண்டு வந்தார், தரத்தான் வந்தார் என்று சொன்னேன். “ஷூர், ஷூர்” என்றாள் ஆறாம் மாடிக்காரி. தலையாலே பச்சை வானைக் காட்டினாள். நான் போய் வானுக்குப் பின்னால் நின்றேன்.

இன்னொரு முறை போனால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவைக் கெஞ்சுவது, முதலாளியிடம் நானே போய்க் கேட்பது, எல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று. அதற்குள் ஆட்டக்காரர்கள் உண்மையாகவே வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். ரீவியில் ஒரே ‘ஸ்ரைக், ஸ்ரைக்’. ஊரில் ஸ்ரைக் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். கடை பூட்டும், பஸ் ஓடாது, கல் பறக்கும். அன்று மத்தியானமே அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் அரிசி மூட்டை, பருப்பு, ரின் மீன், மெழுகுதிரி எல்லாம் வாங்கி வந்து என் கட்டிலுக்குக் கீழே அடுக்கினா.

“அம்மா, இது விளையாட்டுக்காரர் மட்டும்தான்.”

“நீதானே சொன்னாய், பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ரைக் எண்டு. இப்ப ஒருத்தரும் அடிக்கேல்லைத்தானே.”

அந்த வருடம் யாரும் வெல்லவில்லை, யாரும் தோற்கவில்லை. கோடை பாதியில் நின்றது. தொப்பிகள் மெல்ல மெல்ல மறைந்தன. நீங்களும் மட்டையை விட்டுவிட்டுக் கூடைப்பந்துக்குப் போனீர்கள். ஒருநாள் பச்சை வானையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு எனக்கு நிற்கவும் இடமில்லை.

இலை நிறம் மாறுகிற நேரம் லோயரிடம் போனோம். மொழிபெயர்க்க ஒரு அன்ரி வந்திருந்தா. எல்லாம் பேசி முடிந்த பிறகு அப்பா கதிரை நுனிக்கு வந்து சொன்னார்.

“அந்தப் பந்து விசயத்தையும் எழுதச் சொல்லுங்கோ. நான் எடுக்கேல்லை. உடன திருப்பிக் குடுத்திட்டன். விக்கற் கீப்பரின்ர கையிலயே குடுத்தனான். ரீவியிலயும் இருக்கு.”

அன்ரி அதை மொழிபெயர்க்கப் பட்ட பாடு. லோயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். அந்தப் பந்து அவர்கள் உங்களுக்கே தருவது, ஐயா, என்றார். அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். வெளியே வந்து லிஃப்ற்றுக்கு நிற்கும்போது சொன்னார், “லோயருக்கு கிரிக்கெட் தெரியாது.”

கேஸ் வென்றது. பந்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அப்பாவின் மனதில் சம்பந்தம் இருந்தது. அதை அவர் இன்றுவரைக்கும் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்கிற இடத்துக்கு வேலைக்குப் போன காலத்தில், அவர் சொன்ன ஒரே புத்திமதி, “ஒண்டிலயும் கை வைக்காத” என்பதுதான். நானும் வைக்கவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கே ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிற ஆள் நான். சீருடை போட்ட யாராவது என்னை நோக்கி நடந்தால், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முதலே என் கால் மற்றப் பக்கம் திரும்பிவிடுகிறது. எனக்குத் தர யார் யார் படியேறி வந்தார்களோ, என்ன கொண்டு வந்தார்களோ, நான் கண்டேனா?

இப்போது மில்லிக்கனில் எங்களோடுதான் அப்பா இருக்கிறார். அம்மா இல்லை. பேஸ்மென்றில் பெரிய ரீவி வைத்துக் கொடுத்திருக்கிறேன். கம்பள விளையாட்டு என்று திட்டித் திட்டியே எல்லா ஆட்டமும் பார்க்கிறார்.

போன கோடையில் ஒரு ஞாயிறு பின்னேரம் உடுப்பு மடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன். எதிரணிக்காரன் ஒருவன் அடித்த பந்து வேலிக்கு மேலால் போய் சனத்துக்குள் விழுந்தது. எடுத்த பெடியன் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்ப மைதானத்துக்குள் எறிந்தான். முழு மைதானமும் எழும்பி ஆரவாரம் செய்தது. இந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம். எதிரி அடித்த பந்து எங்களுக்கு வேண்டாம் என்று, அவமானப்படுத்த எறிவது.

அப்பா கதிரையில் நிமிர்ந்தார்.

“பாத்தியே? பாத்தியே பிள்ளை? இப்பதான் பழகியிருக்கினம்.”

கையில் இருந்த துவாயை வைத்துவிட்டேன். எனக்குள் எல்லாம் ஒன்றாக ஏறி வந்தது. படியின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆள், பச்சை வான், சிவப்புக் கோழி.

“அப்பா, அது மற்றப் பக்கத்துக்காரன் அடிச்ச பந்து. அதுக்குத்தான் எறியினம். நீங்கள் எறிஞ்சது எங்கட ஆள் அடிச்சது. அது எனக்கு வந்த பந்து. அந்த ஆள் கொண்டுவந்து தரத்தான்—”

“உஸ்” என்று கையைத் தூக்கினார். எறிந்ததைத் திரும்பவும் மெதுவாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து தள்ளாடிக்கொண்டு போய், நாலு குத்துக் குத்தி, ஒருவரிடமும் போகாமல் கம்பளத்தில் உருண்டு நின்றது. அப்பாவின் வலது தோள், அவருக்குத் தெரியாமலே, கொஞ்சம் பின்னுக்குப் போய் வந்தது.

“ஆனா பாவம்,” என்றார். “கீப்பரிட்டக் குடுக்கத் தெரியேல்லை உவனுக்கு.”